வளையும் கண்ணாடி, வளைய மறுத்த செயலி

2019 ஏப்ரலில் சாம்சங் தன் முதல் மடக்கு போனான கேலக்ஸி ஃபோல்டைக் கடைகளுக்கு அனுப்பும் முன் சில பத்திரிகையாளர்களிடம் கொடுத்துப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னது. சில நாட்களிலேயே அவர்களில் சிலருடைய திரைகள் பழுதாயின. திரையின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய படலத்தை, புதுப் போன்களில் வழக்கமாக ஒட்டி வரும் உறை என்று எண்ணிச் சிலர் உரித்துவிட்டார்கள். உண்மையில் அது திரையின் ஓர் அங்கம். வேறொரு போனில், கீல் இடுக்கு வழியாக நுழைந்த துணுக்கு திரையை அடியிலிருந்து தள்ளிப் புடைக்க வைத்தது. ஏப்ரல் 26 அன்று தொடங்கவிருந்த விற்பனை செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. அதற்குள் படலத்தின் ஓரங்கள் யாரும் உரிக்க முடியாதபடி சட்டத்துக்கு அடியில் நீட்டப்பட்டன. கீலின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் மூடி போடப்பட்டது.

1,980 டாலர் விலையுள்ள ஒரு போனுக்கு நேர்ந்த இந்தத் தடுமாற்றம் உலகம் முழுக்கச் செய்தியானது. அதே போனில் இன்னொரு தடுமாற்றமும் இருந்தது, அது செய்தியாகவில்லை. 7.3 அங்குலத் திரையை ஆசையோடு விரித்தால், பல செயலிகளுக்கு அந்த இடத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. சில செயலிகள் இரு பக்கமும் கரும்பட்டை விட்டு நடுவில் ஒடுங்கின. சில, எழுத்தையும் படத்தையும் வெறுமனே இழுத்துப் பெரிதாக்கின. சில, விரித்த நொடியில் முதலிலிருந்து தொடங்கின.

முதல் சிக்கல் ஐந்து மாதங்களில் தீர்ந்தது. இரண்டாவதைத் தீர்க்கும் வேலை ஆறு ஆண்டுகள் கழித்தும் நடந்துகொண்டிருந்தது. கண்ணாடியையே வளைத்துவிட்ட மனிதர்களுக்கு மென்பொருளை வளைப்பது ஏன் இவ்வளவு கடினமானது?

கண்ணாடி எப்படி வளைகிறது?

முதலில் கண்ணாடியின் அதிசயத்தைப் பார்த்துவிடுவோம். எந்தத் தகட்டை வளைத்தாலும் அதன் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நெருங்கும். எவ்வளவு இழுபடும் என்பதற்குச் சின்னக் கணக்கு போதும்: தகட்டின் தடிமனை வளைவு ஆரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். சாதாரண போன் திரைக்கு மேலுள்ள கண்ணாடியின் தடிமன் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர். அதை 1.5 மில்லிமீட்டர் ஆரத்தில் மடக்கினால் வெளிப்பரப்பு 20 சதவீதம் நீள வேண்டியிருக்கும். கண்ணாடி ஒரு சதவீதத்தை எட்டுவதற்கு வெகு முன்பே உடைந்துவிடும்.

அதே கண்ணாடியை 30 மைக்ரானாக, அதாவது தலைமுடியின் பருமனில் பாதிக்கும் குறைவாக, மெலியச் செய்தால் அந்த 20 சதவீதம் ஒரே சதவீதமாகக் குறைகிறது. கண்ணாடியின் இயல்பு கொஞ்சமும் மாறவில்லை. தடிமன் குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் ஒரு சதவீதமும் சாதாரணக் கண்ணாடிக்கு அதிகம். ஆகவே அதை உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில், சுமார் 400 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஊற வைக்கிறார்கள். கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள சோடியம் அயனிகள் வெளியேற, அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகள் அந்த இடத்தில் வந்து நெருக்கியடித்து உட்காருகின்றன. பரப்பு எப்போதும் அழுந்திய நிலையில் இருப்பதால், வளைக்கும்போது வரும் இழுவை முதலில் அந்த அழுத்தத்தைத் தீர்க்க வேண்டும். அதன் பிறகுதான் விரிசல் தொடங்க முடியும். 2020 பிப்ரவரியில் வந்த கேலக்ஸி இசட் ஃபிளிப்பில் இப்படிப்பட்ட மெல்லிய கண்ணாடி முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. ஜெர்மனியின் ஷாட் நிறுவனம் அந்தக் கண்ணாடியைத் தந்தது. அதற்கு முந்தைய ஃபோல்டில் மேலே இருந்தது பிளாஸ்டிக் மட்டுமே. இன்றும் விரல் படுவது கண்ணாடிக்கு மேலுள்ள பிளாஸ்டிக் படலத்தின் மீதுதான்; இவ்வளவு மெல்லிய கண்ணாடியைக் கூர்முனை எளிதில் துளைத்துவிடும் என்பதால் அந்தப் படலம் தேவைப்படுகிறது.

கண்ணாடிக்குக் கீழே ஒளியைத் தரும் அடுக்கும் வளைய வேண்டும். பழைய எல்சிடி திரைக்குப் பின்விளக்கு வேண்டும், இரண்டு தகடுகளுக்கு நடுவே திரவப் படிகம் சீரான இடைவெளியில் நிற்க வேண்டும். மடக்கினால் அந்த இடைவெளி குலைந்துவிடும். ஓஎல்இடி திரையிலோ ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. கோடாக் நிறுவனத்தில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு வழி திறந்தது. அந்த ஒளிரும் அடுக்குகளைக் கண்ணாடிக்குப் பதில் பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக்கின் மேல் படியவைத்தால் திரை முழுவதும் வளையும். விண்கலங்களைப் போர்த்தும் பொன்னிறப் படலமும் இதே குடும்பத்துப் பிளாஸ்டிக்தான்.

இந்த அடுக்குகள் ஒன்றோடொன்று எப்படி ஒட்டப்படுகின்றன என்பதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தை வளைத்துப் பாருங்கள்: தாள்கள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கி, ஓரம் படிக்கட்டு போலச் சரியும். தாள்களையெல்லாம் கெட்டியாக ஒட்டிவிட்டால் அது பலகைபோல் விறைத்து நிற்கும். போன் திரையின் அடுக்குகளுக்கு நடுவே மிக மென்மையான பசை வைக்கப்படுவது அவை சற்றே சறுக்குவதற்காக. ஆனால் மென்மையான பொருளை நெடுநேரம் அழுத்தி வைத்தால் அது மெல்ல உருமாறும். விட்டதும் முழுதாகத் திரும்பாது. திரையின் நடுவில் நாம் பார்க்கும் மடிப்புக் கோடு பெரும்பாலும் அப்படி உருமாறிய பசையும் பிளாஸ்டிக்கும்தான்.

மில்லிமீட்டர் பந்தயம்

மடிப்புக் கோட்டைக் குறைக்க வேண்டுமானால் வளைவு ஆரத்தைக் கூட்ட வேண்டும். அதற்கு ஒரு வழி, திரையை வெளிப்பக்கமாக மடக்குவது. 2018 அக்டோபர் 31 அன்று பெய்ஜிங்கில் ரோயோல் நிறுவனம் அறிவித்த ஃபிளெக்ஸ்பை அப்படித்தான் மடங்கியது. வணிக விற்பனைக்கு வந்த முதல் மடக்கு போன் அதுவே. 2019-இல் ஹுவாவேயின் மேட் எக்ஸும் அதே வழியில் போனது. வளைவு தாராளமாக இருந்தது. ஆனால் மென்மையான திரை எப்போதும் வெளியே, சட்டைப்பையின் சாவிக்கும் சில்லறைக்கும் எதிரே இருந்தது. 2021-இல் வந்த மேட் எக்ஸ்2 போனில் ஹுவாவேயும் உள்மடிப்பைத் தேர்ந்தெடுத்தது.

அடுத்த வழி கீலில் கிடைத்தது. போன் மூடும்போது கீலுக்குள் இருக்கும் தகடுகள் விலகி, திரை நீர்த்துளி வடிவத்தில் சுருண்டு உட்கார இடம் கொடுக்கின்றன. வெளியே பார்த்தால் இரு பாதிகளும் ஒட்டிக்கொள்கின்றன. உள்ளே திரைக்குக் கிடைக்கும் ஆரம் பெரிதாகிறது. ஆரம் 1.5-இலிருந்து 3 மில்லிமீட்டரானால் இழுவை பாதியாகிவிடும். மோட்டோரோலாவின் ரேசர், 2021 டிசம்பரில் ஓப்போவின் ஃபைண்ட் என் ஆகியவை இந்த வழியைக் காட்டின. மூடினாலும் நடுவில் ஆப்பு வடிவ இடைவெளி தெரிந்துகொண்டிருந்த சாம்சங் போன்கள் 2023-இல்தான் இடைவெளியின்றி மூடின.

அதன் பின் பந்தயம் சூடு பிடித்தது. 2019-இன் ஃபோல்ட் மூடிய நிலையில் கீல் பக்கம் 17 மில்லிமீட்டர் இருந்தது. 2023-இல் ஹானர் மேஜிக் வி2 அதை 9.9 ஆக்கியது, 2024-இல் வி3, 9.2 ஆக்கியது. 2025 பிப்ரவரியில் ஓப்போ ஃபைண்ட் என்5 வந்தபோது 8.93. அதே ஆண்டு ஜூலையில் ஹானரும் சாம்சங்கும் சில நாள் இடைவெளியில் 8.8, 8.9 என்று வந்து நின்றன. 2024 செப்டம்பரில் ஹுவாவேயின் மேட் எக்ஸ்டி இரண்டு கீல்களோடு மூன்றாக மடங்கி, விரித்தால் 10.2 அங்குலத் திரையானது. ஒருவர் தவறினால் அடுத்தவர் அதிலிருந்து கற்றார். ஒருவர் முந்தினால் மற்றவர் ஓராண்டுக்குள் எட்டிப் பிடித்தார். போட்டி தன் வேலையை அழகாகச் செய்த இடம் இது.

செயலியின் சிக்கல்

போட்டியால் தீராதது மென்பொருள். ஒரு கீலைத் திருத்த ஒரு தொழிற்சாலை போதும். செயலிகளோ உலகெங்கும் லட்சக்கணக்கான கைகளில் இருக்கின்றன. விற்கும் ஸ்மார்ட்போன்களில் நூற்றுக்கு இரண்டுகூட மடக்கு போன் இல்லாத நிலையில், அதற்கென்று தனியாக உழைக்க ஒரு வங்கியோ செய்தி நிறுவனமோ ஏன் முன்வர வேண்டும்?

உழைப்பும் சிறிதல்ல. போனை விரிக்கும்போது உள்ளே நடப்பதைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில், திரையின் அளவு மாறினால் செயலியின் அப்போதைய பக்கம் இயல்பாகவே அழிக்கப்பட்டு, புதிய அளவுக்கு ஏற்ப மறுபடி கட்டப்படும். பாதி எழுதிய செய்தி, பாதி நிரப்பிய படிவம், வீடியோ நின்ற நொடி, பட்டியலில் விரல் நின்ற இடம் ஆகிய எல்லாவற்றையும் செயலி முன்கூட்டியே எடுத்துவைத்து, மறுபிறப்பில் திரும்ப வைக்க வேண்டும். சாதாரணப் போனில் இந்த மாற்றம் பெரும்பாலும் போனைச் சாய்க்கும்போதுதான் வரும். செயலியை நிமிர்ந்த நிலையிலேயே பூட்டிவிட்டுப் பலரும் அதிலிருந்து தப்பித்துக்கொண்டார்கள். மடக்கு போனில் அப்படித் தப்ப முடியாது. அதில் மடக்குவதும் விரிப்பதும்தான் அன்றாடப் பயன்பாடு.

கேமரா இன்னொரு சோதனை. போன் உயரமாக இருந்தால் நிமிர்ந்த படம், அகலமாக இருந்தால் கிடந்த படம் என்று பல செயலிகள் எழுதப்பட்டிருந்தன. விரித்த திரையோ ஏறக்குறைய சதுரம். அந்த அனுமானம் பொய்த்ததும் முகம் பக்கவாட்டில் சாய்ந்தோ நசுங்கியோ தெரிந்தது. இரண்டு செயலிகளை அருகருகே வைத்தால் வேறொரு சிக்கல்: பழைய ஆண்ட்ராய்டில் அவற்றில் ஒன்றுதான் முழு விழிப்பில் இருக்கும். அடுத்த செயலியைத் தொட்டதும் இதில் ஓடிய வீடியோ நின்றுவிடும்.

பொது மொழி

இதைத் தீர்க்கப் போட்டியாளர்கள் ஒரே மொழிக்கு வர வேண்டியிருந்தது. 2018 நவம்பரில் சாம்சங் தன் மடக்குத் திரையை முதலில் காட்டிய அன்றே, மடக்கு போன்களுக்கு ஆண்ட்ராய்டிலேயே ஆதரவு தருவதாகக் கூகுள் அறிவித்தது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, கண்ணில் படும் எல்லாச் செயலிகளும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வழி செய்தது. ஆண்ட்ராய்டு 11 கீலின் கோணத்தை அளக்கும் உணரியைப் பொது ஏற்பாடாக்கியது. 2022 தொடக்கத்தில் வந்த ஒரு நிரல் தொகுப்பு, மடிப்பு எந்த இடத்தில் இருக்கிறது, கிடையா நெடுவா, போன் முழுதாக விரிந்ததா பாதி மடங்கியதா என்பதை எந்த நிறுவனத்துப் போனிலும் ஒரே விதமாகச் செயலிக்குச் சொன்னது. பாதி மடக்கி மேசைமேல் வைத்தால் வீடியோ மேல்பாதியிலும் பொத்தான்கள் கீழ்ப்பாதியிலும் பிரிவது இதனால்தான். அதே ஆண்டு மார்ச்சில் ஆண்ட்ராய்டு 12எல் என்று பெரிய திரைகளுக்கென்றே ஒரு பதிப்பு வந்தது.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஓர் எளிய எண்ணம். "இது எந்தப் போன்?" என்று செயலி கேட்க வேண்டாம், "இப்போது எனக்கு எவ்வளவு இடம்?" என்று கேட்டால் போதும். அதற்குக் கூகுள் மூன்று அகலங்களை வகுத்தது. அளவுகோல் டிபி; பெயரளவில் ஓர் அங்குலத்தில் 160-இல் ஒரு பங்கு. அகலம் 600-க்குக் கீழ் என்றால் ஒடுக்கம், 840 வரை நடுத்தரம், அதற்கு மேல் விரிவு. ஒடுங்கிய இடத்தில் மின்னஞ்சல் பட்டியல் மட்டும். விரிந்த இடத்தில் இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் கடிதம். இப்படி எழுதிய செயலி, மடக்கு போனிலும் டேப்லெட்டிலும் மடிக்கணினியின் சிறு சாளரத்திலும் தானாகவே பொருந்தும். செலவழிக்கத் தயங்கியவர்களுக்கு இதுவே விடை. மடக்கு போன்கள் சில கோடி என்றாலும், பெரிய திரை ஆண்ட்ராய்டு கருவிகள் மொத்தம் 30 கோடிக்கு மேல் இருப்பதாக 2023-இல் கூகுள் சொன்னது. அந்த ஆண்டு தன் சொந்த மடக்கு போனைக் கொண்டுவந்தபோது, தன்னுடைய 50-க்கும் மேற்பட்ட செயலிகளைப் பெரிய திரைக்கு ஏற்பத் திருத்தியும் இருந்தது.

இந்தப் பொது அடித்தளம் அமைந்த பிறகு, மென்பொருளிலும் போட்டி பயன் தந்தது. 2023 அக்டோபரில் வந்த ஒன்பிளஸ் ஓப்பன், செயலிகளைத் திரை அளவுக்கு நசுக்காமல், திரையைவிடப் பெரிய ஒரு பரப்பில் வரிசையாக வைத்து, வேண்டியதை உள்ளே இழுத்துக்கொள்ளும் முறையைக் காட்டியது.

கடைசி அடி 2025 ஜூனில் விழுந்தது. ஆண்ட்ராய்டு 16-ஐக் குறிவைத்து எழுதப்படும் செயலி, 600 டிபிக்கு மேற்பட்ட திரையில், "நான் நிமிர்ந்துதான் நிற்பேன், அளவு மாற மாட்டேன்" என்று சொன்னாலும் ஆண்ட்ராய்டு அதைக் கேட்காது. விளையாட்டுகளுக்கு மட்டும் விலக்கு. மற்றவர்களுக்குத் தற்காலிக அவகாசம் தரப்பட்டது. அடுத்த பதிப்பில் அதுவும் போய்விடும் என்று கூகுள் அறிவித்தது.

இதனால் மடக்கு போன் வாங்காதவர்களுக்கும் நன்மை உண்டு. இடத்துக்கேற்ப அமையக் கற்ற செயலி, கண் மங்கியவர் எழுத்தைப் பெரிதாக்கினாலும் குலையாது. பாதி எழுதியதைக் காக்கக் கற்ற செயலி, நடுவில் அழைப்பு வந்தாலும் எதையும் தொலைக்காது. ஆகவே மடக்கு போன் வாங்க நினைப்பவர் கடையில் கீலைத் திறந்து மூடிப் பார்ப்பதோடு நிற்க வேண்டாம். அன்றாடம் பயன்படுத்தும் செயலி ஒன்றில் இரண்டு வரி எழுதுங்கள், விரியுங்கள், மடக்குங்கள், மறுபடி விரியுங்கள். எழுதியது அங்கேயே இருந்தால், அந்தச் செயலியை எழுதியவர் தன் பங்கைச் செய்துவிட்டார். இல்லையென்றால் அந்தச் செயலிக்கு ஒரு குறை எழுதிப் போடுங்கள். கண்ணாடியை வளைத்தது நிறுவனங்களின் பந்தயம். மீதமுள்ள செயலிகளை வளைக்கப் போவது பயன்படுத்துகிறவர்களின் எதிர்பார்ப்பு.