உங்களுக்குத் தெரியுமா? ஓட ஓட வளரும் இதயம்!

நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிக்கும். ஸ்பெயின் சைக்கிள் வீரர் மிகேல் இந்துராயினுக்கு? வெறும் 28! 1991 முதல் 1995 வரை தூர் த பிரான்ஸ் பந்தயத்தை வரிசையாக 5 முறை வென்றவர் அவர்!

பயிற்சியால் உங்கள் ஓய்வுத் துடிப்பு 72-இலிருந்து 50-க்கு இறங்கினால் என்ன மிச்சம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு 1 கோடியே 15 லட்சம் துடிப்புகள்!

சாதாரண இதயம் ஓய்வில் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தம் சுமார் 70 மில்லி. தேர்ந்த ஓட்டக்காரரின் இதயம் உச்ச வேகத்தில் தள்ளுவது 200 மில்லி!

அதாவது நிமிடத்துக்கு 40 லிட்டர் வரை! வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் இரண்டு, ஒரே நிமிடத்தில் நிரம்பிவிடும். உடம்பில் உள்ள மொத்த ரத்தமோ அதில் கால்வாசிகூடத் தேறாது!

பனிச்சறுக்கு வீரர்களின் இதயம் பெரிதாகியிருப்பதை ஸ்வீடன் மருத்துவர் ஹென்ஷென் எப்படிக் கண்டுபிடித்தார் தெரியுமா? மார்பை விரலால் தட்டிப் பார்த்தே! வருஷம் 1899!

நெடுந்தூரம் ஓடினால் இதயத்தின் அறை விரியும். பளு தூக்கினால் சுவர் தடிக்கும். உங்கள் பயிற்சி எதுவோ, அதற்கேற்ற இதயம்!

நுரையீரலும் இப்படி வளரும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை! வருஷக்கணக்கில் ஓடினாலும் அதன் அளவு ஏறக்குறைய அப்படியேதான். வலுப்பெறுவது மூச்சுத் தசைகள். ஓய்வில் நிமிடத்துக்கு 6 லிட்டர் காற்று போதும். உச்சத்தில் இருக்கும் துடுப்புப் படகு வீரருக்கு 200 லிட்டருக்கு மேல்!

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த அதிசயம். ஓய்வில் ஒரு ரத்த அணு நுரையீரலின் நுண்குழாயில் தங்குவது முக்கால் விநாடி. சில உச்ச வீரர்களின் இதயம் ரத்தத்தை அவ்வளவு வேகமாகத் தள்ளுவதால், ஆக்சிஜனை முழுதாக ஏற்றிக்கொள்ளும் முன்பே அது வெளியேறிவிடுகிறது. இதயத்தின் வேகத்துக்கு நுரையீரலால் ஈடுகொடுக்க முடிவதில்லை!

ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 97.5 மில்லி ஆக்சிஜன்! 2012-இல் நார்வே சைக்கிள் வீரர் ஆஸ்கர் ஸ்வென்சனின் உடல் உச்சத்தில் உறிஞ்சிய அளவு இது. அப்போது அவருக்கு வயது 18!

'இதயத்தில் கோளாறு, ஓடாதே' என்றார்கள் அமெரிக்க ஓட்டக்காரர் கிளாரன்ஸ் டிமாரிடம். அவர் பாஸ்டன் மாரத்தானை 7 முறை வென்றார். கடைசி வெற்றி 41 வயதில்! 1958-இல் இறந்தபின் உடலைப் பரிசோதித்தார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள், மற்றவர்களுக்கு இருப்பதைப்போல 2 முதல் 3 மடங்கு அகலம்!

1966, அமெரிக்காவின் டல்லாஸ். 20 வயது இளைஞர்கள் 5 பேரை ஆய்வாளர்கள் 3 வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். 30 வருஷம் கழித்து அதே 5 பேரையும் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். 30 வருஷ முதுமை பறித்ததைவிட, அந்த 3 வாரப் படுக்கை பறித்த திறன்தான் அதிகம்! பிறகு 6 மாதம் நடை, ஓட்டம், சைக்கிள். ஆக்சிஜன் உறிஞ்சும் திறன், 20 வயதில் சோதனை தொடங்கியபோது இருந்த அளவுக்கே திரும்பிவிட்டது. 50 வயதில்!