ஓசை குறைந்த ரோபோ: நோயாளி உள்ள வீட்டிற்கு எது ஏற்றது?

நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில், காலையில் துடைத்த தரையில் மாலைக்குள் புழுதி படிகிறது. நோயாளியைக் கவனிப்போருக்குப் பெருக்கித் துடைக்கும் ரோபோ பேருதவியே.

வாங்குமுன், பெட்டியில் குறித்த டெசிபல் அளவு எந்த வேகத்திற்குரியது என வினவுங்கள். 10 டெசிபல் கூடினால் ஓசை ஏறத்தாழ இருமடங்காகக் கேட்கும். ரோபோவிலிருந்து குப்பையை உறிஞ்சிக்கொள்ளும் நிலையம் இன்னும் உரக்க ஒலிக்கும். அதனைப் படுக்கையறையில் வைக்க வேண்டாம்.

இரவில் படுக்கையறை ஓசை 30 டெசிபலுக்குள் இருத்தல் நன்று என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டி. அமைதியான ரோபோவும் அதனைத் தாண்டும். ஆகவே பகலில் இயக்குங்கள்.

ஓசை குறைந்தால், அது காலருகே வருவதும் தெரியாது. நோயாளி நடக்கும் வேளையில் அதனை நிறுத்திவையுங்கள். ஆக்சிஜன் குழாய் தரையில் கிடத்தலாகாது. ஈரம் உலர்ந்த பின்னரே அவரை எழுப்பி நடத்துமாறு வேண்டுகிறோம்.