சீனர் கஞ்சியும் நம் கஞ்சியும்

ஐப்பசித் திங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடுகளை முகில் மூடிக்கொள்ளும். திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில், அம்மலையின் அடிவாரத்தை ஒட்டிய கான்சாபுரம் போன்ற ஊர்களில் அடைமழை தொடர்ந்தால், வீட்டில் யாரேனும் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிடுவதுண்டு. அப்போது அடுப்பில் முதலில் ஏறுவது எது? நொய்க் கஞ்சியே. சோறு வேண்டா, இட்டிலி வேண்டா என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளையும், மிளகும் சீரகமும் மணக்கும் கஞ்சியை இளஞ்சூட்டில் இரண்டு வாய் பருகிவிடும்.

கடல் கடந்து தென்சீனத்தில் ஒரு பிள்ளை காய்ச்சலாய்ப் படுத்தால், அதன் தாயும் கஞ்சியே காய்ச்சுகிறாள். கான்டன் நகரத்தார் அதனை ‘ஜுக்’ என்பர். ஆனால் ஆங்கிலத்தில் எழுதுவோர் அச்சீன உணவை ‘கான்ஜி’ என்றே குறிக்கின்றனர். இப்பெயர் சீனத்தில் பிறந்ததன்று. தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் ‘கஞ்சி’யே அது. பதினாறாம் நூற்றாண்டில் மேற்குக் கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் இச்சொல்லைக் கற்றுக்கொண்டனர். கார்சியா த ஓர்த்தா என்னும் மருத்துவர், கோவாவில் 1563-இல் அச்சான தம் நூலில், மிளகும் சீரகமும் சேர்த்த அரிசிநீரை நோயாளிக்குக் கொடுக்கும் வழக்கத்தைப் பெயருடன் குறித்திருக்கிறார். இன்றும் போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் நோயுற்றவருக்குக் கொடுக்கும் கோழிச்சாற்றுக்குக் ‘கான்ஜ’ என்பதே பெயர். ஏழையின் உணவென்று நாம் ஒதுக்கும் ஒன்று இத்தனை நாடுகளில் மதிப்புடன் வாழ்கின்றது!

சீனர் முறையில் கஞ்சி காய்ச்சுவது கடினமன்று. பொறுமை ஒன்றே வேண்டும். புழுங்கலரிசி இதற்கு உதவாது. முன்னரே வெந்து உலர்ந்தமையால் அது எளிதில் குழையாது. பச்சரிசி ஒரு கோப்பை எடுத்துக் கழுவி, அரைமணி நேரம் ஊறவைத்து வடித்துவிடுக. சிறிது உப்பும் ஒரு கரண்டி எண்ணெயும் விட்டுப் பிசறி வைப்பது கான்டன் மக்களின் வழக்கம். அரிசி விரைவில் உடைந்து குழைய இஃது உதவும் என்பர். பத்துக் கோப்பை நீரைக் கொதிக்கவிட்டு, அதில் அரிசியையும் நசுக்கிய இஞ்சித் துண்டையும் இடுக. மீண்டும் கொதி வந்ததும் தணலைக் குறைத்து, மூடியைச் சற்றே திறந்து வைத்து, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் காய்ச்சுக. இடையிடையே அடி பிடியாமல் துழாவுதல் வேண்டும். பருக்கை வேறு, நீர் வேறு எனத் தோன்றாத நிலையே பதம். நொய்யாயின் அரைமணியிலேயே இப்பதம் வந்துவிடும். நம் பாட்டியர் நொய்யைத் தேர்ந்தது சிக்கனத்துக்காக மட்டுமன்று என்பது இதனால் விளங்கும். இறக்கும்போது வெங்காயத்தாளை நறுக்கித் தூவி, மிளகுத்தூள் சேர்த்தால் சீனர் கஞ்சி ஆயிற்று. புலால் உண்போர் நீருக்கு மாற்றாகக் கோழிச்சாறு வார்ப்பர்.

அரிசி இவ்வாறு கூழாவது ஏன்? அரிசியில் மிகுதியாக உள்ளது மாவுப்பொருள். அது நுண்ணிய மணிகளாக அடைந்து கிடக்கிறது. வெப்பம் ஏறத்தாழ 60 முதல் 80 பாகை செல்சியசை எட்டும்போது அம்மணிகள் நீரை உறிஞ்சிப் பருத்து உடைகின்றன. உள்ளிருந்த மாவுப்பொருள் நீரில் கசிந்து அதனைக் கெட்டியாக்குகின்றது. இங்ஙனம் குழைந்த உணவைக் குடல் எளிதில் செரித்துக் குளுக்கோசாக மாற்றிக்கொள்ளும்.

இச்செய்தியில் ஓர் உயிர் காக்கும் உண்மை அடங்கியிருக்கின்றது. வயிற்றுப்போக்கு கண்டவர் உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுகின்றன. பலர் இறப்பது இவ்விழப்பினாலேயே. குளுக்கோசு உடன் இருந்தால் குடல் உப்பை விரைந்து ஏற்கும். உப்பைத் தொடர்ந்து நீரும் உட்செல்லும். 1971-இல் வங்காளதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்தின் பன்கான் ஊர் அகதிகளிடையே காலரா பரவியது. ஊசி வழியே செலுத்தும் உப்புநீர் போதவில்லை. திலீப் மகலானபிஸ் என்னும் மருத்துவர் குளுக்கோசு, உப்பு, சோடா உப்பு ஆகியவற்றைக் கலந்த நீரை வாய்வழியே பருகச் செய்தார். 100-க்கு 30 வரை இருந்த இறப்பு நான்கிற்கும் கீழே இறங்கியது. பின்னர் 1980-களில் டாக்கா மருத்துவர்கள் குளுக்கோசுக்கு மாற்றாக அரிசிமாவைக் காய்ச்சி, அளவறிந்து உப்புகள் சேர்த்துக் கொடுத்தும் நற்பயன் கண்டனர்.

ஆயினும் வீட்டுக் கஞ்சி மருந்தின் இடத்தைப் பிடித்துவிடாது. உப்பின் அளவு கையளவில் மாறும். கண் குழிந்து, நா வறண்டு, சிறுநீர் குறைந்த குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் விரைதல் வேண்டும். கஞ்சியில் புரதம் குறைவாதலால், நோயாளியைப் பல நாள் அதிலேயே நிறுத்துவதும் தவறு. காய்ச்சல் தணிந்த மறுநாள், கொதிக்கும் கஞ்சியில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, நன்றாக வேகவிட்டுக் கொடுக்கலாம். சீனர் ஊறவைத்த காய்களைத் தொட்டுக்கொள்வர். நமக்குப் பருப்புத் துவையலும் சுட்ட அப்பளமும் இருக்கின்றன. அதற்கு அடுத்த நாள், பிள்ளை தானே சோறு கேட்கும்.