தாமலிலிருந்து காஞ்சிக்கு

ஐரோப்பா சென்று திரும்பும் நம்மவர்கள், ஜெர்மனியிலுள்ள நூரம்பர்க் நகரைப் பற்றி வியந்து பேசக் கேட்டிருக்கிறோம். 1945-ஆம் வருஷம் ஜனவரி 2-ஆம் தேதி இரவு விழுந்த குண்டுகளால் அந்தப் பழைய நகரத்தின் பெரும்பகுதி இடிந்து மண்ணாயிற்று. அந்நகரத்தார் மனம் தளரவில்லை. கோட்டையையும் மாதா கோயில்களையும் பழைய உருவிலேயே திரும்ப எழுப்பினார்கள். தேனும் வாசனைப் பண்டங்களும் சேர்த்து அவர்கள் செய்யும் ஒரு பணியாரத்தின் பெயரைக்கூடப் பிற ஊரார் எடுத்தாளாதபடி சட்டத்தினால் காத்து வருகிறார்கள்.

நம் காஞ்சியின்மீது அப்படிக் குண்டு எதுவும் விழவில்லை. ஆயினும் அங்கே செல்லும் குடும்பங்களில் பல, ஜவுளிக் கடையில் நான்கு மணி நேரமும் கோயில்களில் அரை மணி நேரமும் கழித்துவிட்டுத் திரும்புகின்றன. ஒரு நாளைச் செவ்வையாகக் கழிக்க விரும்பும் நேயர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

மேற்கிலிருந்து வருகிறவர்கள் தாமலில் சற்றே இறங்கலாம். பெங்களூர்ச் சாலையை ஒட்டிய சிற்றூர் அது. பெரியதொரு ஏரியும், வராகீசுவரர் கோயிலும், தாமோதரப் பெருமாள் கோயிலும் அவ்வூருக்கு அணிகலன்கள். மழைக்குப் பின் ஏரி நிறைந்திருக்கும் காலத்தில் விடியற்காலையில் கரைமேல் நின்று பார்த்தால், தொண்டை நாட்டைச் சான்றோர் ஏன் ஏரிகளின் நாடு என்றார்கள் என்பது விளங்கும். அங்கிருந்து காஞ்சி சுமார் பத்து மைல்.

காஞ்சியின் மேற்கோரத்திலேயே இருப்பது கைலாசநாதர் கோயில். காலை வெயில் சாய்வாக விழும்போது அதைக் காண வேண்டும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் மணற்கல்லில் எடுப்பித்த கோயில் இது. பிராகாரத்தைச் சுற்றிலும் 58 சிறு சந்நிதிகள் வரிசையாக நிற்கின்றன. சிலவற்றில் பழைய வர்ண சித்திரங்களின் எச்சம் இன்னும் தெரிகிறது. அங்கே தவறாமல் காண வேண்டியது ஒரு தூணிலுள்ள கன்னடச் சாசனம். பல்லவரை வென்று காஞ்சிக்குள் புகுந்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இக்கோயிலின் செல்வத்தைக் கொள்ளை கொள்ளாமல் கோயிலுக்கே திருப்பி அளித்த செய்தியை அது கூறுகிறது. பகைவன் கைவைக்கத் துணியாத சுவரில், நம் பிள்ளைகள் ஆணியால் தம் பெயரைக் கீறலாமா? குழந்தைகளை அழைத்துச் செல்லும் தாய்மார்கள், உள்ளே நுழையுமுன் இந்தக் கதையைச் சொல்லிவிடுவது நலம்.

அடுத்து ஏகாம்பரநாதர் சந்நிதி. 1509-இல் கிருஷ்ணதேவராயர் எடுத்த ஒன்பது நிலை ராஜகோபுரம் தூரத்திலிருந்தே கண்ணுக்குப் புலனாகும். பிறகு காமாட்சியம்மன் கோயில். பொதுவாக நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணிக்கே திறப்பார்களாகையால், இவ்விரண்டையும் முற்பகலிலேயே தரிசித்துவிட வேண்டும்.

பகல் போஜனத்திற்குப் பின் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தெருக்களில் நடந்து பாருங்கள். புடவையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து இணைக்கும் கோர்வை வேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். தறியில் இருவர் உட்கார வேண்டும். அந்த உழைப்பைக் கண்ணால் கண்டவர்கள் கடையில் விலை பேசும்போது நாக்கைச் சற்று அடக்கிக்கொள்வார்கள். அசல் சரிகை என்பது பட்டு நூலின்மீது வெள்ளி இழை சுற்றிப் பொன் முலாம் பூசியது. மெல்லச் சுரண்டினால் உள்ளே சிவந்த பட்டு நூல் தெரியும். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆயினும் விசைத்தறிச் சரக்கு அதே பெயரில் விலைபோவது நிற்கவில்லை. நெசவாளர் வீட்டு இளைஞர்களோ ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்கிறார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பட்டு முத்திரை உள்ளதா என்று பார்த்து, கூட்டுறவுச் சங்கங்களில் வாங்குவது நம்மால் ஆகக்கூடிய உதவி.

நான்கு மணிக்கு வைகுந்தப் பெருமாள் கோயில். நின்றும் இருந்தும் கிடந்தும் மூன்று நிலைகளில் பெருமாள் காட்சி தரும் இக்கோயிலைக் கட்டியவன் நந்திவர்ம பல்லவமல்லன். பல்லவர் சரித்திரமே திருச்சுற்றில் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தி வேளையில் சின்ன காஞ்சிபுரம் சென்று வரதராஜரைச் சேவிக்கலாம். நூற்றுக்கால் மண்டபத்தின் கற்சங்கிலிகளைப் பார்த்து நிற்காத குழந்தை இல்லை. அத்திவரதர் 1939, 1979, 2019 ஆகிய வருஷங்களில் திருக்குளத்திலிருந்து எழுந்தருளியதைப் பாட்டிமாரிடம் கேட்டறியலாம்.

வரதர் பிரசாதமான குடலை இட்லியை உண்ணாமல் திரும்புதல் ஆகாது. அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்க வைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் சில மணி நேரம் ஆவியில் வேகவைப்பார்கள். நீண்ட உருளையை வில்லைகளாக வெட்டித் தருவார்கள். ஊர் ஹோட்டல்களில் டம்ளரில் வார்த்துக் காஞ்சிபுரம் இட்லி என்று கொடுப்பதும் உண்டு; பசிக்கு அது போதும், ஆனால் இலையின் மணம் அதில் இராது.

மறுநாளும் ஓய்வு கிடைக்குமானால் உத்தரமேரூருக்குச் செல்லுங்கள். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்துச் சாசனங்கள் 919, 921-ஆம் வருஷங்களில் பொறிக்கப்பட்டுள்ளன. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலையால் வாரியத்தாரைத் தேர்ந்தெடுத்த முறையை அவை விவரிக்கின்றன. பொதுப் பணத்துக்குக் கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் வாரியத்தில் இடமில்லை! ஆனால் அது வேதியரின் சபை. நிலமும் மனையும் உடைய ஆடவருக்கே அதில் இடம். எல்லாருக்கும் வாக்கு என்ற உரிமையை நமக்கு அளித்தது 1950-ஆம் வருஷத்து அரசியல் சட்டம். பழமையின் பெருமையையும் அதன் குறையையும் சேர்த்தே நம் மக்களுக்குச் சொல்வோம்.

இடிந்ததைத் திரும்பக் கட்டினார்கள் நூரம்பர்க்கார்கள். இடியாமல் நிற்பதைக் காப்பது அதைவிட எளிய காரியம். அதற்கு முதற்படி, நின்று நிதானித்துப் பார்ப்பது.