ஒத்திகை வாக்கும் மகாசபை ஒலிபெருக்கியும்

புதிய சாயத்தில் தோய்த்த நூலை எந்த நெசவாளரும் அப்படியே பாவோட்டுவதில்லை. ஒரு சிட்டத்தை எடுத்துச் சோப்பு நீரில் அலசி, வெள்ளைத் துணியோடு சேர்த்துப் பிழிந்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்த பின்னரே மற்றதைத் தறிக்கு அனுப்புகிறார். விவசாயியும் விதையில் நூறு எண்ணி, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, முளைத்தவை எத்தனை என்று கணக்கெடுத்த பின்பே நாற்றங்காலில் தெளிக்கிறார். தம் தொழிலில் இத்துணை எச்சரிக்கையுள்ள இவர்கள் அங்கத்தினராயிருக்கும் சங்கத்தின் மகாசபையில் மட்டும், ஒலிபெருக்கி பேசுமா பேசாதா என்பது தலைவர் எழுந்து நின்ற பிறகே தெரிய வருகிறது. இது விந்தையன்றோ!

இதனைச் சிறு விஷயமென்று தள்ளுவதற்கில்லை. மகாசபைக்கு வருபவர் ஒரு நாள் கூலியை விட்டு வருகிறார். திருமுடிவாக்கம், குன்றத்தூர் வட்டாரத்தில் நான் பார்வையிட்ட சங்கமொன்றில் (பெயர் வேண்டுவதில்லை) சங்கத்தின் காலி மனையை விற்கும் தீர்மானம் வாசிக்கப்பட்டபோது ஒலிபெருக்கி கரகரத்தது. மூன்றாவது வரிசைக்கு அப்பால் ஒரு சொல்லும் எட்டவில்லை. முன்னே இருந்தவர்கள் கை தூக்கினார்கள்; பின்னே இருந்தவர்களும் தூக்கினார்கள். தாம் எதற்குக் கை தூக்கினோம் என்பது தெரிந்தபோது மனுக்கள் பறந்தன. தீர்மானத்தை மறுபடியும் சபையின் முன் வைக்க வேண்டியதாயிற்று. மோசடி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கம்பி இணைப்பு தளர்ந்திருந்தது, அவ்வளவே. ஆயினும் அங்கத்தினர் மனத்தில் விழுந்த சந்தேகத்தை அந்தக் கம்பியைப்போல் எளிதில் முறுக்கிச் சரிசெய்ய இயலவில்லை.

பலர் கூடும் நிகழ்ச்சிக்கு முன்னர் யந்திரத்தைச் சோதிப்பது எப்படி என்பதற்கு நம் நாட்டின் பெரிய உதாரணம் வாக்குப்பதிவு யந்திரமே. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அதன் வடிவமைப்புப் பணியை மேற்பார்வையிட்டவர் எஸ். ரங்கராஜன், சுஜாதா என்ற புனைபெயரில் தமிழ் வாசகர் நன்கறிந்தவர். 1982 மே 19 அன்று கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இவ்யந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. யந்திரம் கெடவில்லை. கெட்டது வேறொன்று. வாக்குச்சீட்டைப் பற்றியே சட்டம் பேசுகிறது, யந்திரத்தைப் பற்றிப் பேசவில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் கூறி, அந்த 50 சாவடிகளிலும் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிட்டது. பின்னர் 1988-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2001-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடெங்கும் யந்திரமே வந்துவிட்டது. கருவியைச் சோதிப்பவர் துணைவிதிகளையும் ஒரு முறை புரட்டிப் பார்ப்பது நல்லது என்பேன்.

அடுத்து, வாக்களித்ததை ஏழு விநாடி சீட்டில் காட்டும் யந்திரம் வந்தது. அதைச் சோதித்த முறை போற்றத்தக்கது. 2011 ஜூலையில் திருவனந்தபுரம், ஜெய்சால்மர், சிரபுஞ்சி, லே, கிழக்கு தில்லி ஆகிய ஐந்து இடங்களில் வைத்துப் பார்த்தார்கள். கடலோரப் புழுக்கம், பாலைவனத்து வெயில், ஓயாத மழை, மலைக்குளிர், நகரத்து நெரிசல் யாவும் அதில் அடங்கிவிட்டன. அடுத்த ஆண்டு மீண்டும் அதே இடங்களில் சோதித்தார்கள். 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில்தான் அது முதலில் உண்மைப் பணிக்கு வந்தது.

இவ்வளவும் செய்தும் 2018 மே மாதத்தில் உத்தரப் பிரதேசத்தின் கைரானாவிலும், மகாராஷ்டிரத்தின் பண்டாரா-கோண்டியாவிலும் நடந்த இடைத்தேர்தல்களில் பல யந்திரங்கள் இடறின. கைரானாவில் 73 சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடந்தது. கடும் வெப்பமும், உணர்கருவியின் மேல் நேராக விழுந்த மிகையான வெளிச்சமும் காரணமாகக் கூறப்பட்டன. பின்னர் அவ்வுணர்கருவிக்கு ஒரு மூடி அமைத்தார்கள். ஐந்து தட்பவெப்பத்தையும் தாங்கிய கருவி, சாவடியில் மேசை போடப்பட்ட இடத்தில் தோற்றது!

நம் மண்டபங்களிலும் இதுவே நிகழ்கிறது. முதல் நாள் மாலை, காலி மண்டபத்தில், வாடகைக்கு வந்த பையன் 'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று மும்முறை கூவுகிறான், மண்டபம் முழங்குகிறது, எல்லோரும் திருப்தியுடன் வீடு திரும்புகிறார்கள். மறுநாள் முந்நூறு பேர் அமர்ந்ததும் அவர்கள் உடலும் உடையுமே ஒலியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகின்றன. மின்விசிறிகளின் இரைச்சல் வேறு. மாலையில் பளிச்சென்று தெரிந்த திரைப்படம் காலை பதினொரு மணி வெயிலில் வெளிறுகிறது. திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையை அடுத்துக் கூடும் சங்கத்தார், லாரிகளும் யந்திரங்களும் ஓடும் வேளையில் சோதிக்க வேண்டுமேயன்றி, விடுமுறை நாளின் அமைதியில் அல்ல. ஜெனரேட்டரையும் வெறுமே உறுமவிட்டுப் பார்ப்பதில் பயனில்லை; விசிறி, விளக்கு, ஒலிபெருக்கி அனைத்தையும் அதன் மேல் ஏற்றி அரைமணி ஓட்ட வேண்டும்.

தேர்தல் ஆணையம் முதல்நிலைச் சோதனையில் நூற்றில் ஐந்து யந்திரங்களைப் பொறுக்கி, சிலவற்றில் 1200, சிலவற்றில் 1000, சிலவற்றில் 500 என்று ஒத்திகை வாக்குகள் போட்டுப் பார்க்கிறது. ஒரு வாக்குக்கு ஒழுங்காயிருப்பது ஆயிரத்துக்கும் ஒழுங்காயிருக்குமா என்பதே கேள்வி. வாக்குப்பதிவன்று 90 நிமிஷம் முன்னதாக, முகவர்கள் கண்ணெதிரே, குறைந்தது 50 ஒத்திகை வாக்குகள் போட்டு எண்ணிக் காட்டுகிறார்கள். பின்பு அவற்றை அழித்து, சீட்டுகளைக் கறுப்பு உறையிலிட்டு முத்திரை வைக்கிறார்கள். இந்த அழிக்கும் வேலையை மறப்போரும் உண்டு. 2019 மே 19 அன்று தமிழ்நாட்டில் 13 சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடந்ததற்கு, அவற்றுள் சிலவற்றில் இம்மறதியே காரணம். விரல்ரேகைக் கருவியில் வருகை பதியும் சங்கங்கள் இதைக் கவனிப்பது அவசியம். சோதனைக்கென்று பதிந்த பெயர்கள் பதிவேட்டில் தங்கிவிட்டால், கோரம் கணக்கே பிசகிப் போகும்.

சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், அது முகவர்களின் முன்னிலையில் நடப்பதுதான். காரியதரிசி மேடையிலிருந்து கேட்டுத் தலையசைப்பது சோதனையாகாது. கூட்டத்தன்று காலை, நிர்வாகக் குழுவில் இல்லாத ஓர் அங்கத்தினர், கூடுமானால் காது சற்று மந்தமான ஒரு பெரியவர், கடைசி வரிசையில் அமரட்டும். சங்கத்திலேயே தணிந்த குரலுடையவர் வரவு செலவு அறிக்கையின் ஒரு பக்கத்தை, விசிறிகள் சுழல, வாசிக்கட்டும். பெரியவர் தமக்குக் கேட்ட தொகைகளைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். கோளாறான ஒலிபெருக்கியில் இருபதாயிரமும் அறுபதாயிரமும் எழுபதாயிரமும் ஒன்றுபோலவே ஒலிக்கும். அவர் எழுதிய தாளை அறிக்கையோடு ஒப்பிட ஐந்து நிமிஷம் ஆகும். பிழையிருந்தால் வேறு பெட்டி கொண்டுவர ஒரு மணி நேரமாவது கையில் இருக்கும்.