கல்யாணப் பத்திரிகையும் கவிவனார் எழுத்துருவும்

இலஞ்சியில இருந்து பேசுறேன். நம்ம ஊர் குமாரர் கோயில்ல முகூர்த்தம்னு வர்ற பத்திரிகைகள்ல, பொண்ணு மாப்பிள்ளை பேரு மட்டும் பேனாவால சாய்ச்சு எழுதின மாதிரி இருக்கிறதைப் பாத்திருப்பீங்க. அந்தக் கையெழுத்துப் பாணி எழுத்துருக்களைப் பத்தித்தான் இந்தப் பகுதி.

ஆங்கிலக் கூட்டெழுத்துல ஒரு எழுத்தோட வால் அடுத்த எழுத்தைத் தொடும். தமிழை எவ்வளவு அழகா எழுதினாலும் எழுத்துகள் பெரும்பாலும் தனித்தனியாத்தான் நிற்கும். அதனால நம்ம எழுத்துக்கு நளினம் தர்றது சாய்வும், சுழியும், ‘ழ’, ‘மு’ மாதிரி எழுத்துகளோட வாலும்தான்.

இதை வடிவமைக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை. ‘கு’, ‘சு’, ‘மு’ மூணையும் பாருங்க, உகரம் ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரி சேருது. 18 மெய்க்கும் உகர, ஊகார வடிவங்கள்னு பாத்தாலே 36 ஆச்சு.

இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைச்ச ‘கவிவனார்’ இந்த வகைக்கு நல்ல உதாரணம். வலப்பக்கம் சாய்ஞ்ச தமிழ் எழுத்துகள், கூடவே அதே பாணியில ஆங்கில எழுத்துகள். கூகுள் ஃபான்ட்ஸ் தளத்துல இலவசமா கிடைக்குது. திறந்த உரிமத்துல இருக்கிறதால அச்சுக்கும் தாராளமா பயன்படுத்தலாம். ஒரே ஒரு தடிமன்தான் உண்டு. மென்பொருள்ல ‘போல்டு’ அழுத்தினா செயற்கையா தடிச்சு, சுழியெல்லாம் அடைபட்டுப் போகும்.

இது யூனிகோடு எழுத்துரு. வாட்ஸ்அப்ல வந்த பேரை அப்படியே ஒட்டிக்கலாம். பாமினி மாதிரி பழைய முறையில அது முடியாது. எழுத்தை மாற்றணும், இல்லைன்னா திரும்பத் தட்டச்சு செய்யணும். பிழை நுழையிறது பெரும்பாலும் அந்த இடத்துலதான். ஒட்டின பிறகு ‘கெ’யில கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நின்னா, குறை எழுத்துருவுல இல்லை. ஃபோட்டோஷாப், இன்டிசைன்ல இந்திய மொழிகளுக்கான ‘வேர்ல்டு-ரெடி’ அமைப்பைத் தேர்ந்தெடுத்தா கொம்பு சரியான இடத்துக்கு வந்துடும்.

எங்கே பயன்படுத்தலாம்? மணமக்கள் பேரு, தலைப்பு, ஒரு வரி வாழ்த்து, கடைப் பலகை. எங்கே வேண்டாம்? நாள், நேரம், மண்டபத்து முகவரி, ஃபோன் நம்பர். அதுக்கெல்லாம் நிமிர்ந்து நிற்கிற சாதாரண எழுத்துதான் நல்லது. வெளியூர்ல இருந்து வர்ற தாத்தா பாட்டி அந்த நாலு வரியை நம்பித்தான் பஸ் ஏறுறாங்க.

பேருலயும் கவனம் வேணும். சாய்வெழுத்தைச் சின்னதாக்கினா ன-ண, செ-சே வித்தியாசம் மங்கிடும். ‘கௌரி’யில ஔகாரக் குறிக்குப் பதிலா கொம்பும் ‘ள’வும் தட்டச்சானா ‘கெளரி’ ஆயிடும். அதைக் கண்ணால கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

அச்சுக்கு ஒப்புதல் கொடுக்கிறதுக்கு முன்னால, பத்திரிகையோட உண்மையான அளவுலயே ஒரு பிரதி எடுங்க. ஃபோன்ல பெரிசாக்கிப் பாக்காதீங்க. வீட்டுல வயசான ஒருத்தர்கிட்ட கொடுத்து, சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. அவங்க தடுமாறுற இடத்துல எழுத்துருவை மாத்துங்க.