வேலியோரத்து விதைகளில் மணிமாலை

உயிர்வேலி வைத்திருக்கும் உழவர் ஒவ்வொருவரிடமும் மணிமாலை செய்யத் தேவையான பொருள் ஏற்கெனவே இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியது ஊசி, நூல், கழுத்துக்கு ஒரு கொக்கி, அவ்வளவுதான். 'விவசாயிக்கு எதுக்குங்க இந்த வேலை?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். எங்கள் காங்கேயம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் மாசி முதல் வைகாசி வரை களை எடுக்கவும் ஆள் வேண்டாம், அறுக்கவும் ஒன்றும் இருக்காது. அந்த நான்கு மாதம் கையில் கொஞ்சம் காசு புழங்க வழி தேடித்தான் நானும் என் மனைவியும், எங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வரும் இரண்டு பெண்களும் போன ஆண்டு மணி கோக்கக் கற்றோம். அதுவரை நாங்கள் ஊசியில் நூல் கோத்தது சட்டைப் பொத்தான் தைக்க மட்டும்தான். முதல் மாலை செய்யப் போகிறவருக்கு உதவும்படி, கற்றதை எழுதுகிறேன்.

நான் 34 ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தவன். நகைக்கடன் கேட்டு வரும் நகையின் மொத்த எடையிலிருந்து கல், பாசி, மணி, அரக்கு எல்லாவற்றையும் கழித்துவிட்டு நிகர எடைக்குத்தான் கடன் கொடுப்போம். வங்கிக் கணக்கில் மணிக்கு மதிப்பு பூஜ்யம். ஆனால் அந்தத் தங்கத்தையே ஒரு காலத்தில் விதைக் கணக்கில்தான் நிறுத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நகைகளின் எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்றுதான் வெட்டப்பட்டிருக்கிறது. 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. நான் இதைச் சொன்னதும் என் மனைவி, "ஏனுங்க, முப்பது வருசம் மணியைக் கழிச்சீங்க, இனி கூட்டுங்க" என்று சிரித்தார்.

எங்கள் பகுதிக்கு மணி புதிதும் அல்ல. நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் அகழாய்வு செய்தபோது சூதுபவளம், படிகம் போன்ற கற்களில் செய்த மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. முழுதாக முடித்தவற்றோடு வேலை பாதியில் நின்ற மணிகளும் இருந்தன. அதனால்தான் அங்கே பட்டறையே இருந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் இதுதான் என்பதும் அவர்கள் கருத்து.

சொல்லிக் கொடுத்தவர்

மணி கோக்கிற வேலையைத் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருப்பவர்கள் நரிக்குறவர் மக்கள். பேருந்து நிலையத்தில் பாசிமணி விற்கும் ஒரு அம்மாவிடம் போய், "நாலு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வந்து சொல்லிக் கொடுக்க முடியுமாம்மா? ஒரு நாளைக்கு 500 ரூபாய் தர்றோம்" என்று கேட்டேன். முதலில் நம்பவில்லை. "கத்துக் குடுக்கறதுக்குக் காசா சார்? வாங்கறவங்களே நூறு ரூபா மாலையை நாப்பதுக்குக் கேக்கறாங்க" என்றார். அடுத்த ஞாயிறு மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

முதல் நாள் அவர் எங்களை ஊசியைத் தொடவே விடவில்லை. ஒரு முறத்தில் பழைய வேட்டித் துணியை விரித்து, அதன்மேல் விதைகளைக் கொட்டி, அளவுவாரியாகப் பிரிக்கச் சொன்னார். துணி இருந்தால் விதை உருளாது. நடுவில் வரும் பெரிய விதையை முதலில் வைத்து, அதற்கு இரண்டு பக்கமும் ஒன்றுக்கு ஒன்று சோடியாக அடுக்க வேண்டும். மாலை முழுவதும் முறத்தில் உருவான பிறகுதான் நூல். ஒரு ஓரத்திலிருந்து கோத்துக்கொண்டே போனால் கடைசியில் இரண்டு பக்கமும் ஒத்துப் போகாது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதுதான் முதல் பாடம்.

எந்த விதையில் தொடங்கலாம்?

சவுண்டல்: சூபாபுல் என்று சொல்கிறோமே, அதுதான். ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற மரம். முற்றிய காயில் பழுப்பு நிறத்தில் பளபளவென்று தட்டையான விதைகள் இருக்கும். கொதிக்கிற தண்ணீரில் போட்டு இறக்கி, இரவு முழுவதும் ஊறவிட்டால் சாதாரண ஊசியே இறங்கும். துளைக்கும் இயந்திரம் வேண்டாம். அதனால் முதல் மாலைக்கு இதுவே ஏற்றது. ஒரு எச்சரிக்கை: விதை முளைக்க வைக்கவும் நாம் இதே வெந்நீர் நேர்த்தியைத்தான் செய்கிறோம். மீந்த விதையைக் காட்டில் கொட்டினால் அடுத்த மழைக்குச் சவுண்டல் காடாகிவிடும். அடுப்பில் போட்டுவிடுங்கள்.

நெற்பவளம்: மக்காச்சோளத்துக்கு உறவான புல்வகை. வாய்க்கால் ஓரத்து ஈரத்தில் நன்றாக வரும். முத்துப் போன்ற கெட்டி ஓடு. வெள்ளை, சாம்பல், பழுப்பு என்று நிறம் மாறும். இதற்குத் துளை இயற்கையிலேயே உண்டு. உள்ளே காய்ந்து நிற்கும் பூங்காம்பைக் கம்பியால் இழுத்துவிட்டால் நூல் நேராகப் போய்விடும். ஓடு மெல்லியதாக இருக்கும் இன்னொரு வகையை வடகிழக்கு மலைகளில் தானியமாகவே சாப்பிடுகிறார்கள். நண்பர் கொடுத்த 10 விதையை மோட்டார்த் தொட்டி ஓரத்தில் ஊன்றினேன். ஒரே பருவத்தில் இரண்டு படி தேறியது.

மஞ்சாடி: ஆனைக்குன்றிமணி என்றும் சொல்வார்கள். முழுச் சிவப்பு. குருவாயூர் கோயிலில் குழந்தைகள் உருளியில் அள்ளி விளையாடுவது இதைத்தான். மரத்தடியில் கூட்டினாலே கிடைக்கும். ஆனால் இரும்பு மாதிரி கெட்டி. ஒரு மில்லிமீட்டர் பிட் போட்ட சின்ன டிரில்லிங் மெஷின் வேண்டும். மரக்கட்டையில் விதை உட்காரும் அளவுக்கு ஒரு குழி வெட்டி, அதில் வைத்துத் துளையுங்கள். விரலால் பிடித்துக்கொண்டு துளைக்க வேண்டாம். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம்.

பூந்திக்கொட்டை: தோலைத் துணி துவைக்க எடுத்துக்கொண்டு கொட்டையைத் தூக்கிப் போடுகிறோம். அந்தக் கருப்புக் கொட்டை ஒன்றாந்தரமான மணி. மஞ்சாடியைப் போலவே துளைக்க வேண்டும்.

எந்த விதையானாலும் முதலில் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளுங்கள். வண்டு குடைந்ததும் பொக்கும் போய்விடும். துளைத்த மணியை நிழலில் நன்றாகக் காயவைத்து, மூடியுள்ள டப்பாவில் வசம்புத் துண்டு போட்டு வையுங்கள். விதை சேமிக்கத் தெரிந்த நமக்கு இது புதிதல்ல.

நூலும் முடிச்சும்

கெட்டிப் பருத்தி நூலைத் தேன்மெழுகுக் கட்டியின்மேல் இரண்டு முறை இழுத்தால் பிசிறு அடங்கும், ஈரம் இறங்காது, விதையின் கூர் ஓரம் சீக்கிரம் அறுக்காது. தேனீப் பெட்டி வைத்திருப்பவருக்கு மெழுகுச் செலவும் இல்லை.

பெரிய விதைகளுக்கு ஒவ்வொரு மணிக்கும் நடுவில் ஒரு முடிச்சுப் போட வேண்டும். மாலை அறுந்தால் ஒரு மணிதான் விழும், மிச்சம் நூலிலேயே நிற்கும். முடிச்சைச் சரியான இடத்தில் உட்கார வைப்பதுதான் புதியவர்களுக்குச் சிரமம். அந்த அம்மா காட்டிய வழி இது: முடிச்சைத் தளர்வாகப் போட்டு, அதற்குள் ஊசி முனையை நுழைத்து, ஊசியாலேயே மணியை ஒட்டித் தள்ளிக்கொண்டு போய், பிறகு ஊசியை உருவிக்கொண்டே இறுக்க வேண்டும். பத்து முடிச்சுக்குப் பிறகு கை தானாகப் பழகிவிடும். இப்படிச் செய்ய, மாலையின் நீளத்தைப் போல மூன்று மடங்கு நூலை எடுத்துக்கொள்ளுங்கள்.

சவுண்டல் விதைக்கு நடுமுடிச்சு வேண்டாம். ஆனால் ஊறி உப்பிய விதை காயும்போது சுருங்கும், இடைவெளி விழும். கோத்து மூன்று நாள் நிழலில் தொங்கவிட்டு, மணிகளை நெருக்கித் தள்ளிய பிறகுதான் கடைசி முடிச்சு.

குன்றிமணி வேண்டாம்

எங்கள் கிளுவை வேலியில் குன்றிமணிக் கொடி தாராளமாகப் படர்ந்திருக்கிறது. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைப்பது அதில்தான். சிவப்பும் கருப்புமாக அதன் அழகுக்கு இணை கிடையாது. எங்கள் மாலைகளைப் பார்த்த கோயம்புத்தூர்க் கடைக்காரர் ஒருவர், குன்றிமணியில் 50 கைச்சரம் கேட்டார். ஒன்றுக்கு 150 ரூபாய். மொத்தம் 7,500 ரூபாய். கோடையில் அது பெரிய தொகை.

குன்றிமணிக்குள் அப்ரின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. ஆமணக்கு விதையில் உள்ள ரிசினுக்கு உறவு, அதைவிடக் கொடியது. மாற்று மருந்து கிடையாது. தோல் உடையாத முழு விதையைக் கையில் எடுத்தால் ஒன்றும் ஆகாது. மணியாக்க வேண்டுமென்றால் தோலைத் துளைத்தே ஆக வேண்டும். துளைக்கும்போது பறக்கும் தூள் துளைப்பவருக்கு ஆபத்து. துளைத்த விதையைக் குழந்தை கடித்தால் உயிருக்கே ஆபத்து. 2011-ல் இங்கிலாந்தில் ஈடன் புராஜெக்ட் என்ற புகழ்பெற்ற தாவரத் தோட்டம், தன் கடையில் விற்ற குன்றிமணிக் கைச்சரங்களை இந்தக் காரணத்துக்காகத் திரும்பப் பெற்றது.

இதை நான் நால்வருக்கும் பொதுவில் வைத்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வேலைக்கு வரும் பெண்களில் மூத்தவர், "எம் பேரன் எதைக் கண்டாலும் வாயிலதானுங்க வெப்பான். யாரோ ஒரு ஊட்டுப் பிள்ளைக்கும் அப்படித்தானே? வேண்டாமுங்க" என்றார். அதோடு முடிந்தது. கடைக்காரரிடம் காரணத்தைச் சொல்லி, மஞ்சாடியில் செய்து தருகிறோம் என்றோம். 15 மட்டும் எடுத்துக்கொண்டார். 50 கிடைத்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் வருத்தமில்லை.

நஞ்சில்லாத விதை என்றாலும் மாலையைக் கைக்குழந்தை கையில் கொடுக்க வேண்டாம், விழுங்கினால் தொண்டையில் சிக்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புகிறவர்களும் கவனியுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் விதையில் செய்த நகையை விமான நிலையத்தில் அறிவித்தாக வேண்டும்.

விலை போடுவது

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். 24 அங்குலச் சவுண்டல் மாலைக்குச் சுமார் 120 விதை. காய் பறித்து உரிக்க அரை மணி நேரம், துளைத்துக் கோக்க ஒன்றரை மணி, நெருக்கி முடிந்து கொக்கி மாட்ட அரை மணி. ஆக இரண்டரை மணி நேரம். எங்கள் பக்கம் எட்டு மணி நேர வேலைக்கு 400 ரூபாய் கூலி. அந்தக் கணக்கில் கைக்கூலி 125 ரூபாய். நூல், மெழுகு, கொக்கி 25 ரூபாய். உடைவது, சந்தைக்குப் போய்வரும் செலவு 30 ரூபாய். மொத்தம் 180 ரூபாய். விதைக்கு நாங்கள் விலை போடவில்லை. உழைப்புக்குப் போடாமல் விடவில்லை.

"விதை சும்மா கிடைக்குது, நூறுக்குக் குடுங்க" என்று சந்தையில் கேட்டார்கள். இந்தக் கணக்கை ஒரு அட்டையில் எழுதி மாலைகளுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டோம். கொண்டுபோன 14 மாலையில் 9 விற்றது, ஒன்றுகூடக் குறைத்துக் கொடுக்கவில்லை. 1,620 ரூபாய் வந்தது. அடுத்த மாதம் அந்த அம்மாவும் எங்கள் பக்கத்திலேயே துணி விரித்து, தன் பாசிமணிக்கும் அதே மாதிரி ஒரு அட்டை எழுதித் தரச் சொன்னார். அவருடைய வேகத்துக்கு ஒரு மாலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைக்கடிகாரம் பார்த்துக் குறித்து எழுதிக் கொடுத்தேன். அவர் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த விலை, கணக்குப்படி வர வேண்டியதில் பாதிதான்.

இதில் பெரிய வருமானம் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். வெள்ளாமை பொய்த்தால் இது ஈடுகட்டாது. கோடையில் உட்கார்ந்த இடத்தில், நிழலில், அன்றாடக் கூலியை எடுக்கலாம். வேலியை வெட்டிவிட்டுக் கம்பி இழுக்கலாமா என்று யோசிக்கிறவருக்கு, வேலி தருகிற பட்டியலில் இன்னும் ஒரு வரி கூடும்.

காய் முற்றும் நேரத்தில் ஒரு துணிப்பையோடு உங்கள் வேலியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். சவுண்டல் காய் ஒரு கை பறித்து அன்றிரவே ஊறப் போடுங்கள். குன்றிமணியைக் கொடியிலேயே விட்டுவிடுங்கள். முதல் மாலையை விற்க வேண்டாம், வீட்டில் யாருக்காவது போட்டுவிடுங்கள். இரண்டாவது மாலையிலிருந்து நேரத்தைக் குறிக்கத் தொடங்குங்கள்.